சூரியப் புள்ளியில் வாயு எந்தப் பக்கம் ஓடுது? கொடைக்கானலில் கண்டுபிடித்த எவர்ஷெட் யார்?

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போற பஸ், ஹாரன் அடிச்சுக்கிட்டே உங்களைத் தாண்டிப் போகும்போது கவனிச்சிருக்கீங்களா? கிட்ட வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். தாண்டியதும் சுருதி இறங்கிடும். ஸ்கூலில் படிச்ச டாப்ளர் விளைவுதான். ஒளியிலும் இதே கதை நடக்கும். இதை வைத்துத்தான் ஜான் எவர்ஷெட் சூரியனில் வாயு ஓடும் திசையைக் கண்டுபிடித்தார்.

1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். லண்டனில் வேதியியல் சார்ந்த வேலை. வானியல் ஓய்வுநேர ஆர்வம் மட்டுமே. 1906-ல் மேரி ஆர் என்பவரைத் திருமணம் செய்தார். அவரும் வானியலாளர்தான், அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1907-ல் இருவரும் கொடைக்கானல் வந்தார்கள்.

சூரியப் புள்ளி என்பது ஒரு சுழல், அங்கே வாயு சுத்திக்கிட்டே இருக்கும் என்பதுதான் அப்போது பலரின் எதிர்பார்ப்பு. எவர்ஷெட்டும் அதைத்தான் தேடினார். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால், நடுநடுவே மெல்லிய கருப்புக் கோடுகள் தெரியும். அந்தந்த நிறத்தை வாயு உறிஞ்சிக்கொண்ட அடையாளம் அது. வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம்.

1909 ஜனவரியில் எடுத்த படங்களில் கோடுகள் சாய்ந்திருந்தன. ஆனால் சுழற்சி இருந்தால் எந்த இடத்தில் சாயணுமோ, அங்கே இல்லை! புள்ளியில் சூரிய விளிம்பை ஒட்டிய பக்கம் சிவப்புக்கும், சூரிய மையத்தை ஒட்டிய பக்கம் நீலத்துக்கும் நகர்ந்திருந்தது. அதாவது வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாலாபுறமும் வெளியே ஓடுகிறது. வேகம், விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். அந்த ஸ்பீடில் உத்திரமேரூர் டு காஞ்சிபுரம் அரை நிமிஷம்கூட ஆகாது. எதிர்பார்த்ததை விட்டுவிட்டு, படத்தில் இருந்ததை அப்படியே எழுதி வெளியிட்டார். இன்றும் அதன் பெயர் எவர்ஷெட் விளைவு.

1911 முதல் 1923 வரை கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர். 1918-ல் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் சொந்தமாக ஆய்வகம் அமைத்து சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். 1956-ல், 92 வயதில் இறந்தார்.

ஏழு வருஷம் கழித்து, 1963-ல்தான் குவேசார்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதே தெரிந்தது. ராட்சதக் கருந்துளையைச் சுற்றி எரியும் அந்த ஒளியிலும் வாயு உறிஞ்சிய கோடுகள் உண்டு. அவை நீலப் பக்கம் நகர்ந்திருப்பதை வைத்துத்தான் வாயு வெளியே பாய்கிறது என்று கணக்கிடுகிறார்கள். வேகம் மட்டும் வேற லெவல்: சிலவற்றில் விநாடிக்கு 30,000 கிலோமீட்டர்.