சிறைக் கதவைத் தட்டிய அம்மையார்

சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று எனத் திருச்சபை கற்பிக்கிறது. நம் சபையைச் சேராத ஒரு பெண்மணி இதனைத் தம் அரசியல் வாழ்வில் செய்து காட்டினார்.

ஆக்னஸ் மக்ஃபெயில் அம்மையார் 1890ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தார். 1921இல் கனடா பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்னும் பெருமை பெற்றார். ஆண்கள் நிறைந்த அவையில் பல்லாண்டுகள் தனியொரு பெண்ணாக அமர்ந்து, ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டார்.

கைதிகளுக்கு அன்று வாக்குரிமை இல்லை. அவர்களுக்காகப் பரிந்து பேசுவதால் ஒரு வாக்கும் கூடாது, குறையவே செய்யும். அம்மையாரோ கிங்ஸ்டன் சிறைக்கு நேரில் சென்றார். அங்கு நிலவிய கொடுமைகளைக் கண்டு மனம் பதைத்து, ஆண்டுக்கணக்கில் பாராளுமன்றத்தில் வாதாடினார். அதன் பயனாக 1936இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. தண்டிப்பதோடு நில்லாமல், கைதியைத் திருத்தி வாழவைப்பதே சிறையின் நோக்கமாக வேண்டும் என அக்குழு 1938இல் பரிந்துரைத்தது.

1940 தேர்தலில் அவர் தோல்வியுற்றார்; தளரவில்லை. 1943இல் மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்வு பெற்றார். பெண்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்கும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் உருவாகப் பாடுபட்டார். 1954இல் மறைந்தார்.

டொரொன்டோ நகரின் ஈஸ்ட் யார்க் பகுதி மக்கள், கைம்மாறு கருதாது தொண்டாற்றுவோரைப் பாராட்ட அவர் பெயரால் விருது ஏற்படுத்தினர். கற்சிலையைவிட இது சிறந்த நினைவுச் சின்னமன்றோ!

அன்பார்ந்த இறைமக்களே, நம் பங்கிலும் நோயாளிகளையும் கைதிகளையும் நாடிச் செல்வோர் பெருகட்டும். அதுவே இந்த யூபிலி விழாவில் நாம் ஆண்டவருக்கு அளிக்கும் நற்காணிக்கை.