அறிஞர் பர்னெட்

நோய்க்கிருமி உடலினுள் புகுந்தால் உடல் அதனை எதிர்த்துப் போர் புரிகின்றது. ஆயினும் அதே உடல் தன் தசையையும் குருதியையும் பகையென்று கருதுவதில்லை. தன்னது இது, அயலது இது என்று உடல் எவ்வாறு பிரித்தறிகின்றது? இவ்வரிய வினாவுக்கு விடை காண முயன்றவர் ஆஸ்திரேலிய நாட்டு அறிஞர் பிராங்க் மக்பார்லேன் பர்னெட் ஆவார்.

இவர் 1899 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள் விக்டோரியா மாநிலத்திலுள்ள டிராரல்கன் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தந்தையார் ஒரு வங்கியின் மேலாளர். இளமையில் பர்னெட் கூச்சம் மிக்கவர். வண்டுகளைத் தேடிச் சேர்ப்பதிலே பேரின்பம் கண்டார். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1922 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் ஆய்வுக்கூடமே தமக்கு ஏற்ற இடமெனத் தெளிந்தார்.

இவர் மாணவராயிருந்த காலத்தில்தான் இன்புளுவென்சா என்னும் கொடிய காய்ச்சல் உலகெங்கும் பரவிக் கோடிக்கணக்கான உயிர்களைக் கவர்ந்தது. அதன் காரணம் அன்று எவருக்கும் விளங்கவில்லை. 1933 ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வுநிலையம் ஒன்றில் மூன்று அறிஞர்கள் அந்நோய்க்குக் காரணமான வைரஸைக் கண்டறிந்தனர். அப்பொழுது பர்னெட் அந்நிலையத்திலேயே வேறு வைரஸ்களை ஆராய்ந்து வந்தார். தாயகம் திரும்பியதும் அவர் இன்புளுவென்சா ஆராய்ச்சியில் முனைந்தார்.

வைரஸ் உயிருள்ள உயிரணுவினுள் அன்றி வேறெங்கும் பெருகாது. ஆதலின், குஞ்சுக் கரு வளரும் கோழிமுட்டையின் ஓட்டில் சிறு துளையிட்டு, அதன் வழியே வைரஸைச் செலுத்தி வளர்க்கும் முறையைப் பர்னெட் செம்மைப்படுத்தினார். இன்றும் இன்புளுவென்சாத் தடுப்பு மருந்தின் பெரும்பகுதி கோழிமுட்டையிலேயே உருவாக்கப்படுகின்றது.

அம்முட்டையே அவருக்கு ஒரு புதிய சிந்தனையையும் தந்தது. வளர்ந்த கோழி தன்னுட் புகுந்த வைரஸை அழிக்க எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றது; கருவோ உண்டாக்குவதில்லை. இது ஏன் என்று அவர் ஆழ்ந்து எண்ணினார். தன்னது எது என்பதை உடல் பிறவியிலேயே அறிந்திருப்பதில்லை. கருவாயிருக்கும் காலத்திலேயே கற்றுக்கொள்கின்றது. அக்காலத்தில் அயற்பொருளைக் கருவினுட் செலுத்தினால், உடல் அதனையும் தன்னதாகவே ஏற்றுக்கொள்ளும் என்று 1949 ஆம் ஆண்டில் கருத்துரைத்தார்.

இக்கருத்தை மெய்ப்பிக்க அவரே முயன்றார். முட்டையிலுள்ள கருவினுள் அயற்பொருளைச் செலுத்தி, குஞ்சு பொரித்தபின் ஆராய்ந்தார். குஞ்சுகள் அப்பொருளை ஏற்கவில்லை, எதிர்ப்பொருளையே உண்டாக்கின. சோதனை தோற்றது. பர்னெட் அத்தோல்வியை மறைத்தாரல்லர். உள்ளது உள்ளவாறே வெளியிட்டார்.

1953 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பீட்டர் மெடாவர் என்பவரும் அவர்தம் துணைவர் இருவரும் வேறொரு வழியில் சென்றனர். ஓர் இனச் சுண்டெலியின் உயிரணுக்களை மற்றோர் இனச் சுண்டெலியின் கருவினுட் செலுத்தினர். அக்கரு பிறந்து வளர்ந்தபின், முதல் இனத்தின் தோலை அதன்மேல் ஒட்டினர். தோல் உதிராது நிலைத்தது. பர்னெட்டின் கருத்து மெய்யாயிற்று. 1960 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசை இருவரும் பகிர்ந்து பெற்றனர். ஒருவர் உறுப்பை மற்றொருவர்க்குப் பொருத்தும் மருத்துவத்துக்கு இவ்வாராய்ச்சி அடிப்படையாயிற்று.

பர்னெட் அஞ்சாமையும் உடையவர். 1951 ஆம் ஆண்டில், பயிரழிக்கும் முயல்களை ஒழிப்பதற்காகப் பரப்பப்பட்ட வைரஸ், மக்களுக்கும் மூளைக்காய்ச்சலைத் தருகின்றது என்னும் அச்சம் பரவியது. அவரும் வேறிரு அறிஞரும் அவ்வைரஸைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டனர். யாதொரு தீங்கும் நேரவில்லை; மக்கள் அச்சமும் நீங்கிற்று.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தபோதும் அவர் தம் நாட்டை விட்டுச் செல்ல இசையவில்லை. 1944 முதல் 1965 வரை மெல்போர்ன் ஹால் ஆய்வுநிலையத்தின் தலைவராய் விளங்கினார். 1985 ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 ஆம் நாள் இயற்கை எய்தினார்.

தம் சோதனை தோற்றபோதும் உண்மையை மறையாது உரைத்தவர் பர்னெட். அவர் தொடங்கிய பணியைப் பிறிதொரு நாட்டார் முடித்தனர். அறிவியல் ஒருவரால் மட்டும் வளர்வதன்று; உண்மையை நாடும் பலருடைய உழைப்பால் வளர்வது. இதனை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.