தளபதி பொறுப்பா? யமாஷிதாவின் கதை

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அப்போது மலாயாவுக்குள் புகுந்திருந்த ஜப்பானியப் படையின் தளபதி தொமொயுக்கி யமாஷிதா.

1885இல் பிறந்த இவர், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைச் சரணடைய வைத்து ‘மலாயாப் புலி’ எனப் பெயர் பெற்றார். அதன்பின் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஜப்பானியப் படையினர் சீனர்களைப் பிடித்துச் சென்று கொன்றனர்.

1944இல் அவர் பிலிப்பைன்சுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு மணிலாப் போரில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டனர். பலரை ஜப்பானியப் படையினரே கொன்றனர். அப்போது தளபதி தொலைவில் மலைப்பகுதியில் இருந்தார்.

போர் முடிந்ததும் அமெரிக்க இராணுவம் அவரை மணிலாவில் விசாரித்தது. கொல்லும்படி ஆணையிட்டார் என்பதல்ல, தம் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்பதே குற்றச்சாட்டு. தொடர்பு துண்டிக்கப்பட்டதால் கொலைகள் தமக்குத் தெரியாது என அவர் வாதிட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மட்டும் அவ்விசாரணை நியாயமற்றது என்றனர். 1946 பிப்ரவரி 23இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

குற்றத்தை அறிந்தும், அறிய வேண்டிய நிலையில் இருந்தும், தடுக்காத தளபதி குற்றவாளியே என்கிறது இன்றைய அனைத்துலகச் சட்டம். அதற்கு வழிவகுத்தது இவ்வழக்கு. ஆனால், மாணவர்களே, சிங்கப்பூர், பினாங்குக் கொலைகளுக்காக யமாஷிதா கடைசிவரை விசாரிக்கப்படவே இல்லை.