படிப்பையே சேவையாக்கிய துர்காபாய் அம்மா



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் துர்காபாய் தேஷ்முக். கல்யாணம் ஆனவளுக்கு இனிமேல் படிப்பு எதுக்கு, நாலு பேருக்கு நல்லது செய்யப் பட்டம் எதுக்குன்னு நம்மைக் கேட்கிறவங்க நிறைய. இரண்டு கேள்விக்கும் அவர் வாழ்க்கையே பதில்.

ஆந்திராவில் ராஜமுந்திரியில் 1909-ஆம் வருஷம் ஜூலை 15-ல் பிறந்தார். எட்டு வயசிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த பிறகு, அந்தக் குடும்ப வாழ்க்கை வேண்டாம், படிக்கணும் என்று விலகிவிட்டார். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமா? அப்பாவும் கூடப்பிறந்தவரும் துணை நின்றார்கள்.

1923-ல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மாநாடு. அங்கே கதர்க் கண்காட்சி வாசலில் தொண்டராக நின்றார். நேரு டிக்கெட் இல்லாமல் வந்தபோது உள்ளே விடவில்லை. டிக்கெட் வாங்கிய பிறகுதான் விட்டார். அப்போது அவருக்கு வயசு பதினாலு. யாராக இருந்தாலும் விதி ஒண்ணுதான். தவணை வசூலிக்கும் நமக்கு இதன் அருமை நல்லாவே தெரியும்.

உப்புச் சத்தியாக்கிரகத்தில் இறங்கி, 1930-க்கும் 1933-க்கும் நடுவில் மூன்று தடவை ஜெயிலுக்குப் போனார். நம்ம மதுரை ஜெயிலில் தனியாக அடைத்து வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல், சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரியாமல் கஷ்டப்படுகிற பெண்களை ஜெயிலில் பார்த்தார். அவர்களுக்கு இரக்கம் மட்டும் போதாது, விவரம் தெரிந்த ஒரு ஆள் வேணும் என்று அவருக்குப் புரிந்தது.

வெளியே வந்த பிறகு, இருபது வயசு தாண்டி, மெட்ரிக் பரீட்சைக்குப் படித்தார். அதில் தேறி ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடத்தில் பட்டம் வாங்கினார். 1942-ல் சென்னையில் சட்டம் முடித்து வக்கீல் ஆனார். அப்போது வயசு முப்பத்திமூணு.

படிச்சு முடிச்ச பிறகு சேவை செய்யலாம்னு அவர் காத்திருக்கவில்லை. நடுவிலேயே, 1937-ல், சென்னையில் ஆந்திர மகிளா சபாவை ஆரம்பித்தார். பெண்களுக்குப் படிப்பு, கைத்தொழில், வைத்தியம் என்று அது வளர்ந்தது. அடையாறில் அவர் பேரில் ஆஸ்பத்திரி இருக்கு.

1946-ல் நம்ம நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிய சபைக்கு உறுப்பினர் ஆனார். பெண்ணுக்குச் சொத்துரிமை வேணும்னு பேசினார். 1953-ல் மத்திய சமூக நல வாரியத்துக்கு முதல் தலைவர். குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேணும்னு முதலில் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். 1981-ல் காலமானார். 1984-ல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1958-ல் அந்த வாரியம் கொண்டுவந்த சுருக்கப் படிப்புத் திட்டம். பாதியில் பள்ளியை விட்ட பெண்கள், விதவைகள், கணவன் கைவிட்டவர்கள், பெரியவங்களான பிறகும் குறைஞ்ச காலத்தில் படிச்சுப் பரீட்சை எழுத அது வழி செய்தது. தான் ஏறிய ஏணியை அவர் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

இப்போ நம்ம குழுவை நினைச்சுப் பாருங்க. கடன், சேமிப்பு மட்டுமா கூட்டத்தில் பேசுறோம்? குடிச்சுட்டு வந்து அடிக்கிற புருஷன், முதியோர் பென்ஷன் கிடைக்காத பாட்டி, படிப்பை நிறுத்திய பொண்ணு என்று எல்லாம் நம்மகிட்டேதான் வருது. ஆறுதல் சொல்றோம், கூட அழறோம். எந்த ஆபீசில் மனு கொடுக்கணும், எந்தச் சட்டம் துணை நிற்கும், சண்டை போட்ட இரண்டு பேரை எப்படி உட்கார வைத்துப் பேசணும் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க சமூகப்பணி என்றே பட்டப்படிப்பு இருக்கு. புத்தகத்தோடு நிற்காமல், ஊருக்குள் போய் குடும்பங்களைப் பார்த்துப் பழகுவதும் அந்தப் படிப்பில் ஒரு பங்கு.

நான் தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதி, அதுக்குப் பிறகு இந்தப் பட்டத்துக்குச் சேரலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். மக எட்டாவது படிக்கிறா, இப்போ போய் உனக்கு எதுக்குடி பரீட்சைன்னு மாமியார் கேட்கிறாங்க. வீட்டுக்காரர் இன்னும் சரின்னு சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. வேலைக்குப் போறேனோ இல்லையோ, நம்ம கூட்டத்தில் ஒரு பெண் அழுதுகிட்டு எழுந்து நின்னா, அவளுக்கு வழி சொல்ல நம்மில் ஒருத்தியாவது படிச்சிருக்கணும்.

பாதியில் படிப்பை விட்டவங்க ஒவ்வொரு குழுவிலும் இருக்கீங்க. நாலு பேர் சேர்ந்தாலும் போதும், ராத்திரி சமையல் முடிஞ்சதும் ஒண்ணா உட்கார்ந்து படிக்கலாம். அடுத்த மாசக் கூட்டத்தில் பேரைக் கொடுங்க. முதல் பேராக என் பேரை எழுதி வைக்கிறேன்.