கதவுக்கு வெளியே உட்கார்ந்தவர்

தாவீது கோலியாத்தை வீழ்த்தின சம்பவத்தை எத்தனை தரம் சொன்னாலும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அலுக்காமல் கேட்பார்கள். பெரியவங்களும் அப்படித்தான். நாம எல்லாருமே எங்கேயோ ஒரு இடத்தில் தள்ளப்பட்டவர்கள். ஒதுக்கப்பட்டவன் ஜெயித்தால் நாமே ஜெயித்த மாதிரி. அதனால்தான் வாலிபர் கூட்டங்களில் வில்லியம் சீமோரின் சரித்திரத்தை நான் ஆசையாய்ச் சொல்லிவந்தேன்.

1870-ல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். தாய் தகப்பன் அடிமைகளாயிருந்து விடுதலையானவர்கள். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். பெரியம்மையால் ஒரு கண் பார்வை போச்சு. 1906 தொடக்கத்தில், ஹூஸ்டனில் சார்லஸ் பர்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளிக்குப் போனார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் உட்காரக்கூடாத காலம் அது. ஆகவே அறைக்கு வெளியே, திறந்திருந்த கதவோரம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பாடமோ பரிசுத்த ஆவியானவரைப் பற்றியது, கேட்கிறவரோ வெளியே! நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சிறு சபை அவரை அழைத்தது. அவருடைய உபதேசம் பிடிக்காமல் சில நாளிலேயே கதவைப் பூட்டிவிட்டார்கள். ஒரு வீட்டில் சிலரோடு கூடி ஜெபித்தார். ஏப்ரல் 9-ம் தேதி அங்கே அபிஷேகம் இறங்கிற்று. ஜனம் பெருகவே, அசூசா தெருவில் லாயமாய்க் கிடந்த பழைய கட்டடத்துக்குப் போனார்கள். ஆணிப் பீப்பாய்மேல் பலகை போட்டால் அதுதான் பெஞ்சு. இரண்டு மரப்பெட்டிதான் பிரசங்க பீடம். சீமோர் அதற்குள் தலையைக் கவிழ்த்து ஜெபித்துக்கொண்டிருப்பார். மூன்று வருஷம், தினம் மூன்று ஆராதனை. கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோக்காரர் எல்லாரும் ஒன்றாய் முழங்காலில். அங்கிருந்து புறப்பட்ட ஊழியர்கள் நம்ம கல்கத்தா வரைக்கும் வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நிறுத்துவேன். அல்லேலூயா என்று கை தட்டுவார்கள். ஒரு தரம், பின் பெஞ்சில் இருந்த ஒரு தம்பி கூட்டம் முடிந்ததும் வந்து, அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சு ஐயா என்று கேட்டான். எனக்குத் தெரியும். ஆனாலும் மழுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமே வரல.

அடுத்த வாரம் மீதியையும் சொன்னேன். 1906 அக்டோபரில் பர்ஹாம் வந்தார். இரு நிறத்தாரும் கலந்து ஆராதிப்பதைக் கண்டு சகிக்காமல் கடிந்துகொண்டு, பிரிந்துபோய்ப் போட்டிக் கூட்டம் வைத்தார். ஆயிரமாயிரம் பேர் வாசித்த பத்திரிகையும் அதன் விலாசப் பட்டியலும் வேறு ஊருக்குப் போய்விட்டன. 1911-ல் சீமோர் ஊரில் இல்லாத சமயம், வில்லியம் டர்ஹாம் என்ற பிரசங்கியார் வந்து ஜனங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒருநாள் பூட்டின கதவுக்கு வெளியே நின்றவர், அன்றைக்குத் தானே கதவைப் பூட்டும்படி ஆச்சு. அது சரியா தவறா, எனக்கு இன்னும் தெளிவில்லை. கடைசியில் அவரும் மனைவி ஜென்னியும் கொஞ்சம் கறுப்பர் குடும்பங்களுமே மிஞ்சினார்கள். அந்தச் சிறு கூட்டத்துக்கே மேய்ப்பராயிருந்து, 1922 செப்டம்பர் 28-ல், 52 வயதில், மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1931-ல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

ஜெயித்த பகுதியை மட்டும் இத்தனை வருஷம் நான் ஏன் சொன்னேன்? சிலுவையண்டையில் நின்றவர்கள் ஈஸ்டர் காலையைப் பார்த்துவிட்டு வந்து நின்றவர்கள் இல்லையே. தோற்றுப்போனவராய்த் தெரிந்த ஒருவரண்டையில்தான் அந்த ஸ்திரீகள் நின்றார்கள்.

அன்றைக்குக் கைதட்டல் இல்லை. எல்லாரும் போன பிறகும் அந்தத் தம்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தரமும் பரீட்சையில் தவறிப்போனதை, வீட்டில்கூடச் சொல்லாததை, அப்போதுதான் என்னிடம் சொன்னான்.