ஃபெட் கேமராவும் ஒரு வாத்தியாரும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலரில் பெரியவர்கள் வாழ்க்கை என்றால் விஞ்ஞானிகளும் தலைவர்களும்தான் வழக்கமாக வருவார்கள். நான் ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். அன்டோன் மக்காரென்கோ, சோவியத் நாட்டின் புகழ்பெற்ற கல்வியாளர், எழுத்தாளர். ஆனால் அவர் எனக்கு அறிமுகமானது புத்தகம் வழியாக இல்லை, ஒரு கேமரா வழியாக! பழைய சோவியத் கேமராக்களைச் சேகரிப்பவர்கள் ஆசையாகத் தேடுகிற ஃபெட் கேமரா, அவர் நடத்திய அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பட்டறையில்தான் பிறந்தது. செய்தவர்கள் நம் வயசுப் பிள்ளைகள். நம்மைவிடச் சின்னவர்களும் உண்டு.

மக்காரென்கோ 1888 மார்ச் 13 அன்று உக்ரைனில் பெலோபோல்யே என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசு. அப்பா ரயில்வே பட்டறையில் பெயின்ட் அடிக்கும் தொழிலாளி. அந்த வீட்டிலிருந்து ஒரு பையன் 17 வயதில், 1905-ல், பள்ளிக்கூட வாத்தியார் ஆனான் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்மில் பலருக்குச் சொல்லாமலே புரியும். பிறகு பொல்தாவா ஆசிரியர் கல்விக்கழகத்தில் 1914-ல் சேர்ந்து 1917-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

வெளியே வந்தபோது நாடே புரண்டு கிடந்தது. உலகப் போர், புரட்சி, உள்நாட்டுப் போர், பின்னாலேயே பஞ்சம். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் திருடிப் பிழைத்தார்கள். 1920-ல் பொல்தாவா அருகே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு குடியிருப்பு தொடங்கும் வேலையை இவரிடம் கொடுத்தார்கள். பாழடைந்த கட்டிடம், தின்ன ஒன்றுமில்லை. முதலில் வந்தது ஆறு பேர். அவர்கள் இவரை மனுஷனாகவே மதிக்கவில்லை. ஒருநாள் சமையலுக்கு விறகு வெட்டச் சொன்னபோது ஒரு பையன் கேலி பேச, இவர் கை நீட்டி அடித்துவிட்டார். இதைத் தன் நாவலிலேயே மறைக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. அடிச்சாத்தான் உருப்படுவான் என்று நம் ஊரில் சொல்கிறவர்கள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள், மற்ற பக்கங்களை விட்டுவிடுவார்கள்.

மற்ற பக்கங்களில் என்ன இருக்கிறது? செம்யோன் கலபாலின் என்ற பையன் இருக்கிறான். நாவலில் அவன் பெயர் கராபனோவ். திருட்டு வழக்குகளில் அடிபட்டவன். அவனிடம் அதிகாரச் சீட்டைக் கொடுத்து, ஊருக்குப் போய் குடியிருப்புக்கு வரவேண்டிய 500 ரூபிளை வாங்கி வரச் சொல்கிறார். கொண்டுவந்து கொடுத்தான். இவர் எண்ணிப் பார்க்கவே இல்லை! அடுத்த தடவை 2,000 ரூபிள். அதுவும் வந்து சேர்ந்தது. அந்தப் பையன் பின்னாளில் தானே இதே மாதிரி பிள்ளைகள் இல்லங்களை நடத்தும் ஆசிரியர் ஆனான். அடித்த கதையைவிட, எண்ணாத கதைதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

அந்தக் குடியிருப்புக்கு மாக்சிம் கார்க்கியின் பெயர் வைத்திருந்தார்கள். 1928 ஜூலையில் கார்க்கியே நேரில் வந்து பிள்ளைகளோடு தங்கினார். ஆனால் கல்வித்துறை மேலிடத்துக்கு மக்காரென்கோவின் முறை ஆகவில்லை. ராணுவம் மாதிரி அணி, கொடி, தளபதிகள் என்று வைத்திருந்தது அவர்கள் கண்ணை உறுத்தியது. அதே ஆண்டு அவர் அங்கிருந்து விலக வேண்டியதாயிற்று.

போக இன்னொரு இடம் தயாராக இருந்தது. 1927 டிசம்பரில் கார்கிவ் நகரின் ஓரத்தில் ஜெர்ஜின்ஸ்கி கம்யூன் திறந்திருந்தது. அதற்கும் இவரே தலைவர். ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதல் எழுத்துகள்தான் ஃபெட். அவர் யார் தெரியுமா? செக்கா என்ற சோவியத் ரகசிய போலீஸைத் தொடங்கியவர். ஆயிரக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்ற அமைப்பு அது. உக்ரைன் செக்காக்காரர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த பணத்தில்தான் இந்த விடுதி எழுந்தது. அநாதைகளுக்கு வீடு கட்டியவர்களும் அவர்களே, பலரை அநாதையாக்கியவர்களும் அவர்களே. கேமராவைக் கையில் எடுத்தால் இந்த இரண்டும் சேர்ந்துதான் வருகிறது, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

கம்யூனில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம் பட்டறை, 5 மணி நேரம் வகுப்பு. ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கணக்கு. முதலில் மரவேலை, நாற்காலி, தையல். மக்காரென்கோவுக்கு இது போதவில்லை. விளையாட்டுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் அதை மதிக்க மாட்டார்கள், விற்கிற பொருளைச் செய்ய வேண்டும், கூலி வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி. நாம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டை ஃபைல் பண்ணி, மார்க் வாங்கி, கடைசியில் ஸ்க்ராப் பெட்டியில் போடுகிறோமே, அவருக்கு அது ஆகவே ஆகாது! 1932 தொடக்கத்தில் வெளிநாட்டு மாடலைப் பார்த்து எலக்ட்ரிக் ட்ரில் செய்யும் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. அதுவரை சோவியத் நாடு அதை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தது.

அடுத்துதான் கேமரா. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கார் பார்னாக் உருவாக்கிய லைகா 1925-ல் விற்பனைக்கு வந்தது. 35 மி.மீ. சினிமா ஃபிலிமில் 24x36 மி.மீ. அளவில் 36 படம். 1932-ல் வந்த லைகா 2-ல் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸோடு இணைந்திருந்தது. முன்பக்கம் இரண்டு சின்ன ஜன்னல். இரண்டிலும் வரும் பிம்பம், பாதி ஒளியை மட்டும் திருப்பும் கண்ணாடி வழியாகக் கண்ணில் ஒன்றாக விழும். லென்ஸைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் நகரும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி. இந்த லைகாவைக் கழற்றி அப்படியே நகல் எடுத்தார்கள். 1932 அக்டோபரில் முதல் மூன்று கேமராக்கள் தயார். 1934-ல் முறையான உற்பத்தி தொடங்கியது.

காப்பிதானே என்று சிரிக்கிறவர்கள் லேத் முன்னால் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். சுமார் 300 பாகங்கள், துணி ஷட்டர், நான்கு கண்ணாடிகள் கொண்ட 50 மி.மீ. லென்ஸ். வரைபடம் தர ஜெர்மன்காரன் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எதையும் அளந்து அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அனுபவமுள்ள எஞ்சினியர்களும் கூடவே வேலை பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குறையும் இருந்தது. லென்ஸ் பொருந்தும் முகத்திலிருந்து ஃபிலிம் வரை லைகாவில் 28.8 மி.மீ. ஆரம்ப ஃபெட்களில் இந்த அளவு கேமராவுக்குக் கேமரா கொஞ்சம் மாறும். ஒவ்வொரு லென்ஸையும் அதனதன் உடம்புக்கென்று தனியாகப் பொருத்தி அனுப்பினார்கள். அதனால்தான் சேகரிப்பவர்கள் ஒரு பழைய ஃபெட்டின் லென்ஸை இன்னொன்றில் மாட்டினால் ஃபோகஸ் தப்புகிறது. இன்டர்சேஞ்சபிலிட்டி என்று நாம் மனப்பாடம் செய்கிற பாடம் இங்கே கண்ணுக்கே தெரிகிறது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். இந்த ஃபெட், இதன் தம்பி ஜோர்கி இரண்டையும் சுரண்டி, லைகா என்று எழுத்து பொறித்துப் போலியாக விற்கிறார்கள். விலை வித்தியாசம் அப்படி! உண்மையான பழைய ஃபெட்டின் தலையில் கம்யூனின் பெயரே ரஷ்ய எழுத்தில் செதுக்கியிருக்கும். அதை அழித்து ஜெர்மன் பெயர் போட்டுக்கொள்கிறவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. பயன்படுத்த நினைக்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: ஃபிலிமை முழுக்கச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் அமைப்பு கெடும்.

முதல் கேமரா வந்த அதே 1932-33-ல், அரசு தானியத்தைப் பறித்துக்கொண்டு போனதால் உக்ரைன் கிராமங்களில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். கேமரா கதை சொல்கிறவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1933 முதல் 1935 வரை மக்காரென்கோவின் நாவல், கல்வியைப் பற்றிய காவியம் என்ற பொருள் வரும் பெயரில், பகுதி பகுதியாக வெளிவந்தது. எழுதச் சொல்லி விடாமல் தூண்டியவர் கார்க்கி. 1935-ல் அவரைக் கீவ் நகருக்கு, தொழிலாளர் குடியிருப்புகள் துறையில் அதிகாரியாக மாற்றினார்கள். பிள்ளைகளை விட்டுப் பிரிந்தார். 1937-ல் மாஸ்கோ போய் எழுத்தாளராக வாழ்ந்தார். கம்யூனைப் பற்றிய நாவல் 1938-ல் வந்தது. 1939 ஏப்ரல் 1 அன்று மாஸ்கோ அருகே கோலிட்ஸினோ நிலையத்தில், ரயில் பெட்டியிலேயே மாரடைப்பு. வயது 51.

1941-ல் ஜெர்மன் படை கார்கிவை நெருங்கியபோது, இயந்திரங்களை ரயிலில் ஏற்றி சைபீரியாவின் பெர்த்ஸ்க் நகருக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பின் மாஸ்கோ அருகே கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலை இதே வடிவில் 1948-ல் ஜோர்கியைச் செய்தது. முதலில் வந்த சில ஜோர்கிகளின் தலையில், புதுப் பெயரோடு ஃபெட் என்ற பெயரும் கூடவே செதுக்கியிருக்கிறது.