பிளேஸ் துரையும் ஏரிக்கரையும்

நாடு வென்றாரும், கோட்டை எடுத்தாரும், கோயில் சமைத்தாரும் உலகில் நிலைத்த பெயர் பெறுகின்றனர். பழுது பார்த்தார் பெயரை மட்டும் உலகம் எளிதில் மறந்துவிடுகின்றது. ஒன்றைக் கட்டி முடித்த அன்று விழாக் கொண்டாடும் ஊர், அதில் விரிசல் கண்டு அடைத்த நாளை நினைவில் வைப்பதில்லை. ஆயினும் ஊர் வாழ்வது பெரும்பாலும் அத்தகைய நாட்களாலேயே என்பது சிறிது சிந்திப்பார்க்குப் புலனாகும். இதற்கு விலக்காக, ஏரிக்கரையைப் பேணிய காரணத்தால் இருநூறு ஆண்டுகட்குப் பின்னும் பெயர் வழங்கப்பெறுவார் ஒருவர் உளர். அவரே கிழக்கிந்தியக் கும்பினியாரின் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் என்பார். தொண்டை நாட்டார் அவரைப் பிளேஸ் துரை என்பர். அவர் இந்நாட்டில் அதிகாரம் செலுத்திய நான்காண்டு வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

துரையின் வரலாற்றை அறிய வேண்டின், அவர் வந்து கண்ட நாட்டின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். வாலாஜா என்னும் பட்டம் பூண்ட ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி, 1763-இல் சென்னையைச் சூழ்ந்த பெருநிலப்பகுதியைக் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கினார். யாம் வாழும் வாலாஜாபாத்து அந்நவாபின் பட்டத்தாற் பெயர் பெற்ற ஊரேயாகும். ஜாகீரைப் பெற்ற கும்பினியார் 1780 வரை அதனை நவாபிடமே குத்தகைக்கு விட்டிருந்தனர். ஈட்டிய பணத்தை எண்ணிக் கொண்டாரேயன்றி ஏரியை எண்ணினாரல்லர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்கள் அடங்கிய அந்நாட்டின்மேல் 1780-இல் ஐதரலியின் படை பாய்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கு அணித்தாகிய புள்ளலூரில் கும்பினிப்படை பெருந்தோல்வியுற்றது. போர் சென்றவிடமெல்லாம் பஞ்சம் பின்தொடர்ந்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர், மாடுகள் மடிந்தன, கரைகள் உடைந்தபடியே கிடந்தன.

கரை உடைந்தது பெரிதோ என்று பேராற்றங்கரையில் வாழ்வார் வினவலாம். தொண்டை நாட்டில் அதுவே பெரிது. பாலாறு பெயரளவில் ஆறாயினும், ஆண்டிற் பல திங்கள் மணலாகவே கிடப்பது. ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழையைத் தேக்கி வைத்தாலன்றித் தையில் அறுவடையில்லை. ஆதலின் முன்னோர் ஊர்தோறும் ஏரி வகுத்தனர். ஒன்றன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகும்படி அவற்றைத் தொடர்பாகவும் அமைத்தனர். வாலாஜாபாத்தை அடுத்துள்ள தென்னேரி அவற்றுட் பழைமையும் பெருமையும் உடையது. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய இளந்திரையனோடு அதன் பெயரை இயைத்துக் கூறுவாரும் உளர். இவ்வாறு தொடர்ந்து நிற்கும் ஏரிகளில் மேலூர்க்கரை உடையின் கீழூர் வெள்ளத்தாற் கெடும். மேலூர்க் கலங்கல் தூர்ந்தால் கீழூர் வறட்சியாற் கெடும். ஓர் ஊரின் சோம்பல் மற்றோர் ஊரின் பட்டினியாய் முடியும்.

இந்நிலையில் 1794-இல் பிளேஸ் துரை ஜாகீரின் கலெக்டரானார். அதே ஆண்டிற்றான் சென்னையில் நிலவளவைப் பள்ளியொன்றும் தோன்றியது. பிற்காலத்துக் கிண்டிப் பொறியியற் கல்லூரியாய் வளர்ந்தது அதுவே. ஆனால் அன்று மராமத்துக்கெனத் தனித்துறை இல்லை. வரி தண்டுபவரே வாய்க்காலையும் காக்க வேண்டியவராயிருந்தார். கலெக்டருக்கு மேல் 1786-இல் ஏற்பட்ட வருவாய் மன்றம் சென்னையில் இருந்தது. செலவுக்கு இசைவு வேண்டின் அம்மன்றத்திற்கு எழுதி விடை பெறுதல் வேண்டும். மழையோ மன்றத்தின் விடைக்குக் காத்திராது.

துரை மதுராந்தகத்திற்கு அணித்தாகிய கருங்குழியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு ஊர்களைக் கண்டு வந்தார். ஏரியைப் பேணும் தொழிலைப் பற்றி நாம் நூல்களிற் படிப்பது குறைவு. கரைமேல் நடந்தாரே அதனை அறிவர். கரையில் நண்டு வளையும் எலி வளையும் தோன்றுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். கசிவு தெளிந்த நீராயின் சிறிது பொறுக்கலாம். கலங்கிய நீராயின் உள்ளே மண் கரைகின்றதென்று அறிந்து அன்றே அடைத்தல் வேண்டும். மதகின் செங்கல் பெயர்ந்ததா, கலங்கலின் கல் சாய்ந்ததா, வரத்துக்காலில் புதர் மண்டியதா என்பவற்றைக் கோடையிலேயே கண்டு தீர்த்தல் வேண்டும். மண் வெட்ட ஒட்டரும், கூடை சுமக்கப் பண்ணையாட்களும், மடை திறந்து அடைக்க நீர்க்கட்டியும், இவற்றையெல்லாம் எழுதக் கணக்கப்பிள்ளையும் வேண்டும். களத்தில் நெற்பொலியை அரசுக்கும் குடிகளுக்கும் பகிருமுன் ஊர்ப்பணியாளர்க்கும் பொதுக்காரியங்கட்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பது பழைய வழக்கம். அதனை மேரை என்பர். போரிலும் குத்தகையிலும் ஊர் சிதைந்தபோது இவ்வேற்பாடுகளும் சிதைந்தன.

பிளேஸ் துரையின் சிறப்பு, இவற்றைப் பொருட்படுத்தி ஆராய்ந்தமையே. காணியாட்சி உடையார் யாவர், பாயக்காரிகளாய்ப் பயிரிடுவோர் யாவர், களத்தில் யாருக்கு எப்பங்கு என்பவற்றை அவர் வினவி எழுதினார். ஏரி பழுதாயின் குடி தங்காது, குடி தங்காவிடின் வரியும் வாராது என்பது அவர் கண்ட கணக்கு. அதில் அருளைவிடக் கும்பினியாரின் ஆதாயமே மிகுதி என்பாரும் உளர். அஃது உண்மையேயாயினும், ஆதாயம் கருதியேனும் கரையை நோக்கிய அதிகாரிகள் அக்காலத்து மிகச் சிலரே.

இனி, அவர் பெயரை நாட்டார் நாவில் நிறுத்திய கதைக்கு வருவோம். மதுராந்தகத்து ஏரிக்கரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுடையது. அது மழைதோறும் உடைந்து துயர் விளைத்து வந்ததாம். கரையருகே உள்ள இராமர் கோயிலைச் சேர்ந்தவர்கள், தாயாருக்கு ஒரு சந்நிதி எடுக்கத் துரையிடம் பொருளுதவி வேண்டினர். உங்கள் இறைவன் இம்மழையிற் கரையைக் காப்பானாயின் கட்டித் தருகிறோம் என்று துரை சொல்லிவிட்டார். அவ்வாண்டு பெருமழை பெய்தது. நள்ளிரவில் துரை கரையைப் பார்க்கச் சென்றார். அங்கே வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டு மண்டியிட்டார். கரை உடையவில்லை, சந்நிதி எழுந்தது. அன்றுமுதல் அப்பெருமாள் ஏரி காத்த இராமர் எனப் பெயர் பெற்றார் என்பது கதை. சனகவல்லித் தாயார் சந்நிதியில் அத்தருமம் பிளேஸ் துரையினுடையது என்று தெரிவிக்கும் தமிழ் எழுத்து இன்றும் உள்ளது.

கிறித்தவர்களாகிய யாம் இக்கதையை எவ்வாறு கொள்வது? நம்பிக்கை வேறாயினும் பிறர் போற்றும் கதையை எள்ளுதல் எமக்கு வழக்கமன்று. கதையுள் யாம் போற்றுவது ஒன்று உண்டு. பெருமழை பெய்யும் நள்ளிரவில், ஏவலாளை அனுப்பாமல், அதிகாரியே கரைக்குச் சென்றார் என்று மக்கள் சொல்லி வைத்திருக்கின்றனர். காட்சி கண்டதை நம்பாதாரும், அவர் கரைக்குச் செல்லக்கூடியவர் என்று மக்கள் எண்ணினர் என்பதை மறுக்க முடியாது. தம் அதிகாரியைப்பற்றி ஊரார் அவ்வாறு எண்ணுவது எளிதிற் கிடைக்கும் பேறன்று.

துரை காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்கு அணிகலம் அளித்தார் என்றும் வழங்குவர். 1796-ஐ ஒட்டிக் காஞ்சிக் கோயில்களின் வரவு செலவைக் கும்பினியாரே மேற்பார்த்தல் வேண்டும் என்று முயன்றவரும் அவரே. கோயில் நிலைபெற்றால் குடியும் நிலைபெறும் என்பது அவர் துணிபு. 1817-ஆம் ஆண்டின் ஏழாவது சட்டத்தால் அம்மேற்பார்வை மாகாணமெங்கும் பரவியது. பிற்காலத்து மிஷனரிமார் இதனைக் கண்டித்துப் பேசினர். 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு கோயில் ஆட்சியினின்று விலகியது. இருசாரார் கருத்தையும் எடைபோடும் வேலை எமதன்று.

துரையின் புகழை மட்டும் கூறி நிறுத்துவோமாயின் யாம் வரலாறு எழுதினோமாகோம். அவர் கை கடியது. பூந்தமல்லிச் சீமையிலிருந்த மிராசுதாரர்கள் அவர் விதித்த தீர்வைக்கு இசையாது நின்றபோது, அவர் அவர்களை நிலத்தினின்று நீக்கி வேறு குடிகளிடம் ஒப்படைத்தார். சென்னைத் துபாஷிகளே அவர்களைத் தூண்டிவிடுகின்றனர் என்பது அவர் எண்ணம். தலைமுறை தலைமுறையாக உழுத காணியை இழந்தவர்கள் முறையிட்டனர். வழக்கு வருவாய் மன்றம் வரை சென்றது. கரையைத் தம் கண்ணேபோற் காத்த அதிகாரி, அக்கரையின் கீழ் வாழ்ந்தவரிற் சிலரை வீதியில் நிறுத்தினார். இதனை மறைத்தல் நேர்மையன்று.

இவ்விடத்தில் எமக்கு வேதாகமத்து நெகேமியா நினைவிற்கு வருகின்றார். அவரும் வேற்றரசனிடம் பணிபுரிந்து அதிகாரியாய் வந்தவரே. எருசலேமின் இடிந்த மதிலை 52 நாளிற் பழுது பார்த்து முடித்தவர். அவர் முறை எளியது. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள மதிலைத் தாமே கட்டினர். ஆனால் வேலை நடக்கும்போதே, கடனுக்காக வயலையும் பிள்ளைகளையும் இழந்த ஏழைகளின் கூக்குரல் எழுந்தது. நெகேமியா அதனைக் கேட்டு, மதில் வேலை நிற்கட்டும் என்றிலர். வயலைப்பற்றிப் பிறகு பேசலாம் என்றுமிலர். பெருமக்களைக் கூட்டிக் கடிந்து வயலைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். மதிலும் வயலும் ஒரே அறத்தின் இருபுறம் என்பதை அவர் அறிந்திருந்தார். பிளேஸ் துரை ஒருபுறத்தையே அறிந்தார். அவர்தம் பெருமையும் குறையும் அவ்வளவே என்பது எமது கருத்து.

1798-இல் அவர் பதவி நீங்கினார். 1799-இல் ஜாகீரைப்பற்றி விரிந்த அறிக்கையொன்று எழுதி அளித்தார். இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு 1812-இல் வைக்கப்பட்ட ஐந்தாம் அறிக்கையிலும், காணியாட்சி உரிமைபற்றி அறிஞர் எல்லிஸ் எழுதியவற்றிலும் அவ்வறிக்கை ஆளப்பட்டது. அவர் சென்ற சில ஆண்டுகளில், 1802-இல், ஜாகீர் நிலங்கள் மிட்டாக்களாக ஏலம் விடப்பட்டன, அம்முறை நிலைபெறவில்லை. 1858-இல் பொதுப்பணித்துறை ஏற்பட்டது. கரை உடையும் தறுவாயில் ஊரார் உழைப்பைக் கட்டாயமாகப் பெறுவதற்கு ஒரு சட்டமும் அவ்வாண்டே பிறந்தது. மனமுவந்து செய்து வந்தது சட்டத்தின் அச்சத்தாற் செய்ய வேண்டியதாயிற்று. வருவாய் மன்றம் 1980-இல் கலைக்கப்பட்டது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஏரிப்பணியை மீண்டும் தொடங்கியது. மன்றங்கள் தோன்றி மறைந்தன. கரைகள் மட்டும் ஆண்டுதோறும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கின்றன.

இன்று அரசின் நீர்வளத்துறை பொறுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381 ஏரிகளும் செங்கல்பட்டு மாவட்டத்தில் 528 ஏரிகளும் உள்ளன. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் வயல்கள் குறைந்து தொழிற்சாலைகள் நிறைந்துவிட்டன. எம் ஊர் இளைஞர் பலர் விடியுமுன் பேருந்தேறி அங்கே வேலைக்குச் செல்கின்றனர். அவ்வேலையால் பல குடும்பங்கள் தழைத்தன, அதனை இகழோம். ஆனால் உழவில்லாத ஊருக்கு ஏரி எதற்கு என்று கேட்பார் பெருகிவிட்டனர். அவர்க்கு விடையாக 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளை நினைப்பூட்டுவோம். அன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகள் பலவும் நிரம்பி வழிந்தன; அடையாறு கரைபுரண்டு சென்னையை மூழ்கடித்தது. கலங்கலும் வரத்துக்காலும் தூர்ந்தால், நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். வழியிலிருப்பது வயலா, ஆலையா, வீடா என்று அது பாராது.

பிளேஸ் துரை காலத்தில் ஏரிக்கு உடைமை கொண்டாடக் குடிகள் இருந்தனர். பேணுவதற்கு அதிகாரியைத் தேட வேண்டியிருந்தது. இக்காலத்தில் அதிகாரிகள் உளர். ஏரி எம்முடையது என்பாரைத் தேட வேண்டியிருக்கின்றது. அன்பர்களே, நம் கல்லூரி மாணவருட் பலர் ஏரியுடைய ஊர்களிலிருந்து வருபவர். வரும் கோடை விடுமுறையில் தத்தம் ஊர்க் கரைமேல் ஒருமுறை முழுதும் நடந்து பார்ப்போமாக. மதகு எங்கே, கலங்கல் எங்கே, வரத்துக்கால் எதனால் அடைபட்டது என்று முதியோரைக் கேட்டு எழுதி வருவோமாக. எழுதியதை உரிய அலுவலகத்திற் கொடுத்து, மழைக்கு முன் ஒருமுறையேனும் சென்று வினவுவோமாக. அக்கரையின் நிழலில் இடம் இழந்தார் எவரேனும் இருப்பின் அவர் குரலையும் உடன் எழுதுவோமாக. பிளேஸ் துரை செய்ததில் நல்லதைக் கைக்கொண்டு, அவர் செய்யத் தவறியதையும் நாம் செய்து முடிக்க எல்லாம்வல்ல இறைவன் துணைபுரிவாராக.